என் தட்டில் ஒரு வாய்

அந்தக் கடையில் உருளைக்கிழங்கு வறுவலைத் தனியாகத் தருவதில்லை, மேடம். கறியோடு சேர்த்து ரொட்டிக்குள்ளேயே வைத்துச் சுருட்டித் தந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். தனியாக வைத்தால்தானே ஆளாளுக்குக் கை நீட்டத் தோன்றும்.

கிரேக்கத் தெருக்கடைச் சாப்பாடு என்று வெளியே போட்டிருக்கும். உள்ளே ஏழெட்டு மேசை, நீல நாற்காலிகள். கம்பியில் செருகிய கறி நின்றபடியே சுற்றிச் சுற்றி வேகும், சமையல்காரர் நீளக் கத்தியால் மேலிருந்து கீழே சீவி எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் தங்கையும் அங்கே போவது வழக்கம். இடத்தைக் கண்டுபிடித்தது நான்தான். திரைச்சீலைக் கடையில் வேலை எனக்கு. வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கு அளவெடுப்பேன். அப்படி ஒரு வேலைக்குப் போய்த் திரும்பும்போது கண்ணில் பட்டது. தனியாகப் போய் நிம்மதியாகச் சாப்பிட ஓர் இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். வாய் சும்மா இருக்காமல் வீட்டில் சொல்லிவிட்டேன்.

அவளோடு சாப்பிடப் போவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில், நான் ஆர்டர் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று அந்தச் சுருட்டின ரொட்டியின் பெயரைத் திருத்துவாள். "கைரோ இல்லக்கா, யீரோ. மானத்த வாங்காத." பிறகு தனக்கு ஒன்றும் வேண்டாம் என்பாள். "பசியே இல்லக்கா. உன்னோடதுல ஒரு வாய் எடுத்துக்கறேன்." அந்த ஒரு வாய்க்கு அளவு கிடையாது. சுருட்டியதைப் பிரித்து, நடுவில் இருக்கும் கறியை எடுத்து, என் கிண்ணத்துச் சாஸில் புரட்டி, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். கடைசியில் எனக்கு நனைந்த ரொட்டியும் வெங்காயமும் மிஞ்சும். ஒருமுறை பிடிவாதமாக அவளுக்கும் அதையே வாங்கி எதிரில் வைத்தேன். அதைத் தொடாமல் என்னுடையதையே தின்றாள். உன்னோடதுதான் நல்லா இருக்கு என்றாள். ஒரே கம்பியில் சீவிய கறி, மேடம்.

சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். சின்னவதானே, விட்டுக்குடு என்று அம்மா சொல்லிச் சொல்லியே என் பாவாடை, என் கட்டில், ஜன்னல் பக்கத்து அறை எல்லாம் அவளுக்குப் போயின. இப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. இன்னும் சின்னவள்தான். நான் பேச்சுக்குக்கூட ஒரு நாளும் சின்னவளாக இருந்தது கிடையாது.

அவளுக்கு வால்நட் ஆகாது. சின்ன வயதில் ஒரு கேக் துண்டு தின்று, உதடு வீங்கி, மூச்சு நின்றுபோகிற நிலைக்கு வந்துவிட்டாள். ஓர் ஊசி கொடுத்தார்கள், பேனா மாதிரி இருக்கும். தொடையில் வைத்து அழுத்தினால் போதும், எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மா அதை எடுத்து என் பள்ளிக்கூடப் பையில் போட்டாள். அவள் தொலைத்துவிடுவாளாம், நான் பத்திரமாக வைத்திருப்பேனாம். அன்றிலிருந்து நான் எத்தனை பை மாற்றினாலும் முதலில் உள்ளே போவது அந்த ஊசிதான். தேதி முடிந்தால் புதிது வாங்கி வைப்பதும் நான்தான். நீயே ஒன்று வைத்துக்கொள்ளேன் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "அதான் நீ வெச்சிருக்கியே" என்றாள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். வருகிறவர்களிடம் உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்பது அவள் வேலை. ஊருக்கெல்லாம் கேட்பாள்.

போன மாதம் எனக்கென்று ஒரு வீடு பார்த்தேன். ஓர் அறை, ஒரு பால்கனி, ஒரே ஒரு ஜன்னல். ஊரார் ஜன்னலுக்கே அளவெடுத்துப் பழகிய கை, மேடம். என் ஜன்னலுக்கு மட்டும் மூன்று தடவை அளவெடுத்துப் பார்த்தது. அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு இதே கடையில், என் கறியை மென்றுகொண்டே தங்கை சொன்னாள்: "சாவி எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுக்கா. அப்பப்ப வந்து இருந்துக்கறேன். அலமாரில கீழ்த்தட்டு எனக்கு."

வரட்டுமா என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டால் நான் கொடுத்துவிடுகிறவள். என் சுபாவம் அப்படி. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

சம்பவத்தன்று அவள் இடம் பிடிக்க ஜன்னலோர மேசைக்குப் போய்விட்டாள். கல்லாவில் இருந்த பெண் வழக்கமான தயிர்ச் சாஸ்தானே என்று கேட்டாள். பூண்டுச் சாஸ் கொடுங்கள் என்றேன். வால்நட் அரைத்துப் போட்டது, யாருக்காவது ஆகாதா என்று கேட்டாள். நல்ல பெண், பொறுப்பான பெண். எனக்கு எல்லாம் ஒத்துக்கொள்ளும் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. சாப்பாடு எனக்கு வாங்கினது. தட்டு ஒன்றா இரண்டா என்று கேட்டதற்கும் ஒன்று என்றுதான் சொன்னேன்.

அதற்கு முந்தின வாரம் நான் தனியாக வந்து அதே சாஸை வாங்கிப் போனதாக அந்தப் பெண் உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். வாங்கும் பொருளைச் சுவைத்துப் பார்ப்பதில் என்ன தப்பு. பூண்டுதான் தூக்கலாகத் தெரிந்தது, வால்நட் இருப்பதே தெரியவில்லை. தயிர்ச் சாஸ் மாதிரியே வெள்ளையாகத்தான் இருந்தது.

தட்டை என் பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா என்றாள். சரி என்றேன். போனைப் பார்த்தபடி கையை நீட்டினாள். அந்த நேரத்தில் அவள் தலைநிமிர்ந்து, எடுத்துக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். வாய்வரைக்கும் வந்தது. அவள் கேட்கவில்லை. கறியை எடுத்தாள், சாஸில் நன்றாகப் புரட்டினாள், தின்றாள். இரண்டாவது துண்டையும் எடுத்தாள். சாவி என்ன ஆச்சு என்று கேட்டாள்.

பிறகு கழுத்தைத் தடவினாள். போனைக் கீழே வைத்தாள். உதடு தடித்துக்கொண்டு வந்தது.

எப்போதும் என் பையைச் சொந்தப் பை மாதிரி திறந்து துழாவுகிறவள். அன்று பை என் மடியில் இருந்தது, இரண்டு கையையும் அதன்மேல் வைத்திருந்தேன். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டாள். "அக்கா, ஊசி. குடுக்கா."

வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். சமையல்காரர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் தரையில் படுக்கவைத்தார். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. மடியில் பை இருந்தது. வண்டி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அம்மா இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. வந்தாலும் என்ன சொல்வாள் என்று தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், ஊசி இருந்தது. பையின் உள்ளறையில், ஜிப் போட்டு, எப்போதும் வைக்கிற இடத்தில்தான் இருந்தது. ஆனால் அது என் பை, மேடம்.