ஆண்டியப்பன் செய்த தடுப்பும் ரத்தான பத்திரமும்

அவைக்குத் தலைமை தாங்கும் பெருந்தகை சிதம்பரநாதன் அவர்களே, பொகவந்தலாவைக் கடைவீதிப் பெரியோர்களே, மழையென்றும் பனியென்றும் பாராது, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை வீரம்மாவே! அனைவருக்கும் வணக்கம்.

வென்ற வழக்குக்கு விழா எடுக்க வேண்டிய நாளில் விளக்கேற்றி அழ வந்திருக்கிறோம். கரடிமலைத் தோட்டத்து ஸ்டோரில், அந்தத் தேயிலை ஆலையில், கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் ரோலர் ஓட்டிய ஆண்டியப்பன் கண்மூடி முப்பது நாள். அவர் வழக்கில் தீர்ப்பு வந்தது நேற்று!

யார் இந்த ஆண்டியப்பன்? கொழுந்தைத் தள்ளும்போது ரோலரின் வாயில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர். பறிகொடுத்துவிட்டுப் பதுங்கிக் கிடந்தாரா? இல்லை! சரிவான மரச்சட்டமும் கம்பியும் வைத்து ஒரு தடுப்புச் செய்தார். கொழுந்து வழுக்கிப் போகும், கை போகாது. அதன்பின் அந்த ஸ்டோரில் ஒருவர் விரலும் போகவில்லை.

தோட்டத்தை நடத்தும் துரை பார்த்தார், மெச்சினார். பிறகு கொழும்புக்கு எழுதி, தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லி, பேட்டன்ட் என்னும் தனியுரிமைப் பத்திரம் வாங்கிவிட்டார். அவர் அனுமதியின்றி இனி வேறெந்த ஸ்டோரும் அந்தத் தடுப்பைச் செய்யக் கூடாது.

ஆண்டியப்பன் என்னிடம் வந்தார். "ஐயா, பேரு அவருக்கே இருக்கட்டுங்க. மத்த ஸ்டோருலயும் மாட்ட விடச் சொல்லுங்க. புள்ளைங்க கை போகுதுங்க" என்றார்.

சங்கச் செயலாளன் நான் என்ன சொன்னேன்? "அரசாங்க முத்திரை விழுந்த பத்திரம். மலையோட மோத முடியுமா? போய் வேலையப் பாருங்க" என்றேன். சொன்னேன் ஐயா, இந்த வாயால்தான் சொன்னேன்! அடுத்த ஆனியில், பக்கத்துத் தோட்டத்தில், தடுப்பில்லாத ரோலரில், வீரம்மாவின் வலக்கை மணிக்கட்டோடு போனது.

அதன் பிறகே வக்கீலிடம் ஓடினேன். அவர் சொன்னார்: கொடுத்த பத்திரமும் பறிக்கப்படலாம். பிறர் கண்டதைத் தன்னதென்று சொல்லியிருந்தால் பறிக்கலாம். விண்ணப்பத்துக்கு முன்பே நாலுபேர் அறியப் புழங்கியிருந்தாலும் பறிக்கலாம். நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

துரைக்கு எதிராக யார் வாய் திறப்பார்? ஆண்டியப்பனின் மனைவி வேலாயி, லயத்து வீட்டுச் சுவரில் சாமிப் படங்களுக்கு நடுவே தொங்கிய போட்டோவைக் கழற்றித் தந்தார். ஆயுத பூசையன்று ஸ்டோரில் எடுத்தது. பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரை, விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம் முந்திய தேதி. சந்தனம் பூசி மாலை போட்ட ரோலர், அதன் வாயில் அதே தடுப்பு! முன்னால் துரை. ஓரத்தில், கற்பூரத் தட்டு ஏந்திய ஒரு கை மட்டும். முகம் படத்தில் விழவில்லை. அந்தக் கையில் விரல்கள் மூன்று.

பத்திரம் ரத்து!

பொறுங்கள், கைதட்டாதீர்கள். பின்னால் ஒருவர் கேட்கிறார், "தொரைக்கு என்னாங்க தண்டனை?" ஒன்றுமில்லை ஐயா. பத்திரம் செல்லாது என்றார்கள். ஆண்டியப்பன் பெயரை எங்கும் எழுதவுமில்லை. தடுப்பு இனி எல்லோருக்கும் பொது. அதைத்தானே அந்த மனிதர் கேட்டார்! கேட்ட அன்றே நான் எழுந்திருந்தால் ஒரு கை மிஞ்சியிருக்குமே!

ஆகவே தோழர்களே, வருகிற ஆயுத பூசைக்குள் ஸ்டோருக்கு ஸ்டோர் தடுப்பு வேண்டும். தடுப்பில்லாத ரோலருக்கு மாலை போடாதீர்கள்! பொட்டு வைக்காதீர்கள்! கற்பூரம் காட்டாதீர்கள்!

இந்தக் குற்றவாளியையும் பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி. மேடை வழக்கப்படி இருகரம் கூப்பி விடைபெற வேண்டும். வீரம்மா, உன் எதிரில் எனக்கு அது கூசுகிறது அம்மா. ஒரு கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன், வணக்கம்.