அமரர் என்ற சொல்

உங்கள் பொலிஸ் நிலைய வாசல் பலகையில் ‘முறைப்பாடு’ என்ற சொல்லுக்கு இடையின ரகரம் போட்டிருக்கிறார்கள். வல்லின றகரம் வர வேண்டும். உள்ளே வரும்போதே கண்ணில் பட்டது. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவனுக்கு இது ஒரு வியாதி, குறை நினைக்க வேண்டாம். நேரம் கிடைக்கும்போது திருத்திவிடுங்கள்.

குணலட்சுமி அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்க எதுவும் இல்லை. நான் குகதாசன், வட்டுக்கோட்டையில் எங்கள் கலை மன்றத்தின் செயலாளர். அக்கா எங்கள் மேடையில் வளர்ந்தவர். சிறுமியாக இசைநாடகத்தில் ஏறியவர், எழுபது வயதில் சினிமாவிலும் நடித்து, வெளிநாட்டுத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். நஞ்சு குடித்துச் சாகும் அரசி, மகனைத் தேடித் தேடி முகாமில் சாகும் தாய் என்று, அவருடைய விருதுகளில் பாதி செத்துக் காட்டி வாங்கியவை. பகிடிக்குச் சொல்லவில்லை. அவர் சாகும்போது சபையில் ஒரு இருமல் கேட்காது. பிறகு எழும்பி நின்று கும்பிடும்போதுதான் சனம் மூச்சு விடும்.

அந்த விருதுகளுக்கான பரிந்துரைகளை எழுதியவன் நான். ‘நடிப்பரசி’ பட்டத்தைத் தெரிவு செய்ததும் நான்தான். பாராட்டு மடல் ஒன்றிலாவது எழுத்துப்பிழை காட்ட முடியாது. ஆனால் அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. கொழும்பில் வாங்கிய கேடயத்தை யன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். மன்றம் போர்த்திய பொன்னாடையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஏணை கட்டக் கொடுத்துவிட்டார். கேட்டேன்.

“துணிதானே மாஸ்டர். பிள்ளை நித்திரை கொள்ளுதெல்லோ” என்றார்.

நானும் சிரித்தேன். மனது நொந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் அவருக்கு இருதயம் பழுதாகியது. ஆடக் கூடாது, உரத்துப் பாடக் கூடாது, நெஞ்சு நோ வந்தால் உடனே நாக்குக்குக் கீழே குளிசை வைக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

அதே நேரத்தில் மன்றத்துக்குப் புது மண்டபம் முடிந்துகொண்டிருந்தது. அக்காவின் பெயரை வைப்பதென்று தீர்மானித்திருந்தோம். பெயர்க்கல்லுக்கான எழுத்தை அனுப்பும் பொறுப்பு என்னுடையது. கல் வெட்டுகிறவர் தெற்கே இருக்கும் ஒரு சிங்களவர். அனுப்பிய எழுத்தைப் பார்த்து அப்படியே வெட்டுவார், தமிழ் வாசிக்கத் தெரியாது. அனுப்ப இருந்த நாளில் அக்காவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவருடைய அண்ணன் மகள் சாருஜாதான் கூட நின்றாள். காலையில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

“சேர், மாமி போட்டா.”

அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. எங்கள் பேச்சில் பஸ் ஏறிப் போனவளும் போட்டா, உயிர் விட்டவளும் போட்டா. அன்று எனக்கு ஒரு பொருள்தான் கேட்டது. நான் அழுதேன். பிறகு முகம் கழுவி, எழுத்தில் ‘அமரர்’ என்று முன்னால் சேர்த்து அனுப்பினேன். பின்னேரம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அக்கா கதிரையில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாயிலை வைக்கேலாது மாஸ்டர். டிக்கட் வெட்டுவிச்சுக்கொண்டு காலமையே வீட்டுக்கு வந்திட்டன். நீங்கள் என்ன, ஆற்றையேன் செத்தவீட்டுக்கோ?”

“ஓம்” என்றேன்.

கல் வெட்டுகிறவருக்கு உடனே அழைத்தேன். மெஷினில் வெட்டி முடிந்துவிட்டதாம். சில நாளில் கல் வந்தது. எழுத்தின் மேல் ஒட்டிய தாளோடேயே மேசன் அதைச் சுவரில் பதித்துவிட்டார். நான் தாளை உரித்துப் பார்த்துவிட்டு, சிவப்புத் துணியால் மூடினேன். கல் உடைந்துவிட்டது என்று நிர்வாக சபைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பொய் வராது. அந்தச் சபையில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள், ஒற்றுப்பிழைக்காக என் வகுப்பில் முழங்காலில் நின்றவர்கள். அவர்களிடம் போய் என்னவென்று சொல்வது?

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, மேடையைப் பார்க்க வேண்டும் என்று அக்கா ஓட்டோ பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார். பிறகு என்னை அழைத்தார். “மாஸ்டர், பின்னேரம் ஒருக்கா வீட்டுப் பக்கம் வாங்கோ.”

போனேன். சாருஜா வேலைக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போயிருந்தாள். அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். ‘போட்டா’ என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் சிரித்தார்.

“விழாவிலை துணியை எடுத்த உடனை சனம் திகைக்கும். நான் வெள்ளைச் சீலையோடை பின்னாலை இருந்து வருவன். வந்து உங்கடை கதையைச் சொல்லுவன்.”

“வேண்டாம் அக்கா. கல்லை மாத்துறன். விழா பிந்தினாலும் பரவாயில்லை.”

“விசரே உங்களுக்கு? இந்த வயசிலை ஆருக்கு இப்பிடி ஒரு வேசம் கிடைக்கும்?”

எழும்பி நடித்தே காட்டினார். போனைக் காதில் வைத்து, கழுத்தைச் சரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “அ... ம... ர... ர்” என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். அச்சொட்டாக நான்தான். நான் அப்படித்தான் கழுத்தைச் சரிக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். என் மாணவர்கள் முன்னால், மண்டபத்துக்குக் காசு தந்து கனடாவிலிருந்து வருகிறவர்கள் முன்னால் இது நடக்கப் போகிறது. எனக்கு உடம்பு கூசியது.

தேத்தண்ணி போட அவர் குசினிக்குப் போனார். கண்ணாடி அலுமாரியில் சாருஜா அடுக்கி வைத்த கேடயங்களுக்கு நடுவே குளிசைப் போத்தல் இருந்தது. விருதுகள் இருக்கும் இடத்தில் மருந்துப் போத்தல் பார்வைக்கு நன்றாக இல்லை. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்ததும், “வன்ஸ்மோர்” என்றேன்.

பொறுப்பதிகாரி அவர்களே, உங்களுக்கு நாடகம் பழக்கமில்லையென்றால் இதை விளக்க வேண்டும். எங்கள் சபையில் ஒரு கட்டம் பிடித்துவிட்டால் சனம் வன்ஸ்மோர் கேட்கும். நடிகர் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். குணலட்சுமி அக்கா வாழ்நாளில் ஒரு வன்ஸ்மோரையும் மறுத்ததில்லை. காய்ச்சலோடும் செய்திருக்கிறார்.

அவர் முகம் மலர்ந்தது. “மாஸ்டரே கேக்கிறார்” என்றார். இந்த முறை பாட்டும் சேர்த்தார். குரல் நன்றாக எழும்பியது. முடிந்ததும் கதிரையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் கைதட்டி மறுபடியும் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு தொடங்கினார்.

பாதியில் கை நெஞ்சுக்குப் போனது.

“மாஸ்டர், குளிசை.”

அவர் செத்து நடித்ததை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் எழும்பிக் கும்பிட்டிருக்கிறார். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். எழும்பட்டும் என்று காத்திருந்தேன். இவ்வளவு பெரிய நடிகையிடம் எது நடிப்பு, எது உண்மை என்று என்னைப்போல ஒரு வாத்தியார் எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழே விழுந்து கிடந்தபடி அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். மெல்லிய சட்டை, போத்தல் தெரிந்திருக்கும். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எந்த மேடையிலும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவருடைய மூச்சு நின்ற பிறகு, போத்தலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அம்புலன்ஸுக்கு அழைத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கழித்துத் திறப்பு விழாவை வைத்தோம். துணியை விலக்கியபோது மண்டபமே அழுதது. உருக்கமான உரை என்று கனடாக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சாருஜா மட்டும் அழவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சேர், மாமி உயிரோடை இருக்கேக்கையே இந்தக் கல்லைப் பதிச்சாச்சே. அப்ப அமரர் எண்டு எப்பிடி வந்தது?”

நல்ல கேள்வி. என் வகுப்பில் படித்த பிள்ளை. அவள் அடுத்ததாக இங்கேதான் வந்திருப்பாள்.

நான் கொன்றேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் மறுக்கவில்லை, கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இன்று அந்த மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள், அந்தக் கல்லில் பிழை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதியதை ஒருதரம் வாசித்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் வெறுமனே குணலட்சுமி என்றுதான் இருக்கிறது. முன்னால் அமரர் என்று போடுங்கள். இரண்டு ரகரமும் இடையினம்.