இன்னொரு தடவை வைம்மா

என் கடைக்குள் வந்தால் முதலில் டெட்டால் வாசனைதான் வரும். மாதனூர் பஸ் நிறுத்தத்தில் இவ்வளவு சுத்தமான கம்ப்யூட்டர் சென்டர் வேறு கிடையாது. நீங்களே விசாரித்துப் பார்க்கலாம் சார்.

காரணம் இந்த ஷூ கம்பெனிப் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் பாங்குக் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஓடி வருவார்கள். ரேகை மெஷினில் விரலை அழுத்துவார்கள். பகல் முழுக்கத் தோலுக்குப் பசை தடவுகிற விரல். எவ்வளவு கழுவினாலும் அந்த நெடி போகாது. எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஒவ்வொருத்தி போன பிறகும் கண்ணாடியைத் துடைப்பேன்.

பசை வேலையில் விரல் நுனி தேய்ந்துவிடும், ரேகை சட்டென்று விழாது. "விழல, இன்னொரு தடவை வைம்மா" என்றால் மூன்று தடவை, நான்கு தடவை, சளைக்காமல் வைப்பார்கள். பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தில் திரையைப் பார்க்கவும் மாட்டார்கள். இப்படி ஒரு கூட்டம் தினமும் வாசலில் வந்து நின்றால் மனிதன் என்ன செய்வான், சொல்லுங்கள்.

விவசாயிகளுக்கு அரசு தருகிற உதவித்தொகைக்கு மனு ஏற்றுகிறவனும் நான்தான். முப்பத்தோரு பெண்களை விவசாயிகள் ஆக்கினேன். இன்னும் மனு போடாதவர்களின் நிலத்தை இவர்கள் பெயரில் காட்டினேன். தவணை இவர்கள் கணக்கில் விழும்; தகவல் என் போனுக்கு வரும். அடுத்த முறை வரும்போது முதல் ரேகை அவள் கேட்ட பணத்துக்கு, இரண்டாவது எனக்கு. நான் யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. அது அவர்களுடைய பணமே இல்லையே.

காரியத்தைக் கெடுத்தவர் அருணகிரி. பாலாற்றுக் கரையில் ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போடுகிறவர். அவர் தாமதமாகப் போட்ட மனு, 'இந்த நிலத்துக்கு ஏற்கெனவே ஒருவர் பெறுகிறார்' என்று திரும்பி வந்துவிட்டது. கிராம சபையில் எழுந்து நின்றார்.

"வாங்கறவங்க பேரையெல்லாம் செவுத்துல ஒட்டுங்க. ஊரே படிக்கட்டும்."

உத்தரவு வந்தது. பிரிண்ட் எடுத்துப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியவன் நானேதான். பயப்பட என்ன இருக்கிறது? அந்தப் பட்டியலில் பெறுபவர் பெயருக்குக் கட்டம் உண்டு, நிலத்துக்கு உண்டு, தொகைக்கு உண்டு. எடுத்தவன் பெயருக்குக் கட்டம் கிடையாது.

அருணகிரி நிலத்துக்கு நேரே முத்துமாரி பெயர் இருந்தது. புருஷன் இல்லாதவள், பிளஸ் டூ படிக்கிற மகள் ஒருத்தி. ஊர் அவளைத் திருடி என்றது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போனாள். வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். போன மாதம்வரை அவளிடம் கைமாற்று வாங்கிய கூட்டம் சார் அது. மனிதர்கள் மேலேயே எனக்கு அருவருப்பு வந்துவிட்டது. கடைசியில் கம்பெனியும் அவளை நிறுத்திவிட்டது.

ஒரு மாதம் கழித்து, கூட்டமில்லாத ஒரு மத்தியானத்தில் கடைக்கு வந்தாள். வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ். மகளின் காலேஜுக்கென்று சேர்த்து வைத்ததிலிருந்து எடுக்க வேண்டும்.

"நான் ஒத்த ரூபா பாக்கலண்ணா. என் ரேகை எப்படி வந்துச்சின்னே தெரில. இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் மூஞ்சி குடுத்துப் பேசறீங்க."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வேறு யார் கொடுத்தார்கள்? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விரலை வைத்தாள். வேலை போய் ஒரு மாதம் ஆனதில் தோல் வளர்ந்திருந்தது. பசை நெடியே இல்லை. ரேகை முதல் தடவையிலேயே பளிச்சென்று விழுந்தது. நோட்டீஸ் பணத்தை எண்ணி அவள் கையில் கொடுத்தேன். கணக்கில் இன்னும் கொஞ்சம் மீதி இருப்பது திரையில் தெரிந்தது.

"சரியா ஏறலம்மா, இன்னொரு தடவை வை" என்றேன்.

நான் கட்டாயப்படுத்தவில்லை சார். தன் விரல்தான் அழுக்கு என்று நினைத்து, முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அவளாகத்தான் வைத்தாள்.