பூஜ்யம் என்றால் இல்லை

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான். "மாமா கழுவின தட்டுல மூஞ்சி பாத்துத் தலை வாரிக்கலாம்" என்று என் மச்சினி கிண்டல் செய்வாள். அவள் நர்ஸ். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பட்டியல் மென்பொருளை எழுதியவன் நான்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் ஒவ்வொரு நோயாளியையும் ஓர் ஆப்ஜெக்டாக வைப்போம். பெயர், படுக்கை எண், இன்சுலின் அளவு என்று பல அறைகள் கொண்ட பெட்டி மாதிரி. டாக்டர் அளவு எழுதாவிட்டால் வழக்கமான பன்னிரண்டு யூனிட்டைக் காட்ட வேண்டும் என்றார்கள். அதற்கு, 'அளவு என்ற அறை இருக்கிறதா' என்று நிரல் கேட்க வேண்டும். நான் 'அளவில் ஏதாவது இருக்கிறதா' என்று கேட்க வைத்துவிட்டேன். எழுதச் சுலபம், பலரும் செய்வதுதான். ஆனால் அப்படிக் கேட்டால் அந்த மொழிக்குப் பூஜ்யமும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

மதியம் ஆபரேஷன் என்பதால் காலையிலிருந்து பட்டினி கிடந்த ஒரு தையல்காரருக்கு டாக்டர் பூஜ்யம் என்று எழுதினார். டாக்டர் திரையில் பூஜ்யம். நர்ஸ் திரையில் பன்னிரண்டு. மச்சினி ஊசி போட்டாள். வெறும் வயிற்றில் சர்க்கரை அடியோடு இறங்கி, ஆபரேஷனுக்கு முன்பே அவர் போய்விட்டார். ஊசி போட்டு முடித்ததும் நர்ஸ் திரையிலிருந்து அந்த வரி மறைந்துவிடும். பார்க்கத் துப்புரவாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"பன்னெண்டுன்னுதான் இருந்துச்சு மாமா. என் கண்ணால பாத்தேன். கம்ப்யூட்டர்ல ஏதாவது தப்பா? கொஞ்சம் பாருங்களேன்."

கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பில் நிரலைப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எல்லாம் சரியாத்தான்மா இருக்கு. அசதியில மாத்திப் படிச்சிருப்பே."

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும். அப்ப நான்தான் போல" என்றாள்.

என் தப்பை அப்போதே திருத்தியிருக்கலாம். ஆனால் யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார் என்பது பதிவாகிவிடும். என் நிலையில் இருந்து பாருங்கள். விசாரணைக்கு நிபுணர் என்று என்னையே கூப்பிட்டார்கள். டாக்டர் திரையைக் காட்டினேன். அங்கே பூஜ்யம்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நான்கு வருடம் கிடைத்தது. என் மனைவியைத் தேற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

பிறகு அதே மாதிரி ஒரு பள்ளி ஆசிரியை போனார். அவருக்குப் பின் ஒரு பஸ் டிரைவர். இருவரும் ஏற்கெனவே ரொம்ப முடியாதவர்கள் என்பதால் யாரும் துருவிக் கேட்கவில்லை. டாக்டர் யாருக்கெல்லாம் பூஜ்யம் எழுதியிருக்கிறார் என்று தினமும் காலையில் பார்ப்பேன். பார்ப்பதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்?

போன வாரம் சிறைக்குப் போய் மச்சினியைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். "தையல்காரர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதணும் மாமா. எனக்குக் கோர்வையா வரல. நீங்க எழுதித் தாங்க" என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து அழுதாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

நிரலில் அந்தத் தப்பான வரியை இப்போதாவது மாற்றிவிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. மாற்றச் சொல்லி இதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லையே.