காருக்குப் பதிலாக வந்த தாய்ச்செடி

சங்கத் தலைவர் பிரபாகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகினா அம்மா அவர்களே, மகள் ஃபிசா, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பால்கனி கம்பிகளில் ஆர்க்கிட் தொங்கவிட்டிருக்கும் அன்பர்களே, வணக்கம்.

நம் மெஹபூப் அலி பாய் மறைந்துவிட்டார். சிந்தாதிரிப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அடையாறு வீட்டு மாடியில் நாம் எவரும் காணாத நீலத்தைப் பூக்கவைத்தவர். பேசிய எல்லோரும் அவரை நண்பர் என்றீர்கள். நானும் நண்பன்தான். ஆனால் இந்த அசோக் நகர் கருணாகரனுக்கு அவர்மேல் எவ்வளவு பொறாமை என்று இங்கே யாருக்குத் தெரியாது? இன்றைக்கு மட்டும் பொறாமை இல்லை என்று சொன்னால் பாயே சிரிப்பார்!

கிண்டியில் நடந்த கண்காட்சி நினைவிருக்கிறதா? தாய்லாந்து வியாபாரி வாண்டா என்ற ஆர்க்கிட் வகையில் இரண்டு நீலப் பூச்செடிகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று, தட்டு போல விரிந்த பூ, மாசு மருவில்லை. இன்னொன்று ஒல்லி; இதழெல்லாம் கோணல். விலையோ அந்தக் கோணலுக்குத்தான் அதிகம்! நான் அழகை வாங்கினேன். பாய் கோணலை வாங்கினார்.

"இன்னா பாய், இந்தப் பூவுக்கா இவ்ளோ விலை?" என்றேன்.

"பூவுக்கு யார் குடுத்தா கருணா? இதுக்குப் பொறக்கிற புள்ளைங்களுக்குக் குடுக்கிறேன்."

அது கார் வாங்க வைத்திருந்த பணம். வீட்டில் சகினா அம்மா, "கார் எங்க?" என்று கேட்டாராம். "மாடியில தொங்கினு கீது" என்றாராம் மனிதர்!

என் செடி போட்டிகளில் பரிசுக் கோப்பைகள் வாங்கியது. எனக்குக் கைதட்டினீர்கள். ஆனால் அதன் விதையிலிருந்து நான் எடுத்த கன்றுகள்? சாயம்போன துணி போல வெளிறிப் பூத்தன. சித்திரை வெயிலில் பாதி கருகின. பாய் தன் கோணல் செடியின் பூவில் பல்குச்சியால் மகரந்தம் வைத்து, காய் முற்றும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, தூசு போன்ற விதையை ஆய்வகத்தில் கொடுத்து முளைக்கவைத்தார். வருடங்கள் போயின. பூத்ததெல்லாம் நேர் இதழ், ஆழ்ந்த நீலம். நம் வெயிலுக்கும் அசையவில்லை! அதில் ஒரு கன்றை என் மனைவிக்கே கொடுத்தார். காலையில் நான் காபி குடிக்கும் இடத்துக்கு எதிரே அது பூத்து நிற்கிறது. இதைவிட ஒரு கொடுமை உண்டா?

கர்வமாவது பட்டாரா? இல்லை. பட்டிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

போன மழையில் அந்தத் தாய்ச்செடியின் குருத்து அழுகியது. கேள்விப்பட்டு ஓடினேன். காய்ந்த வேரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஆறுதல் சொல்லப் போனால், அவரோ ஆய்வகத்திலிருந்து வந்த கண்ணாடி பாட்டில்களைக் காட்டினார். உள்ளே பச்சைப் பொட்டுகளாக முளைகள். "இதோட கடைசிக் காய். உன் கோப்பைச் செடியோட மகரந்தம் கேட்டு வாங்கினேனே, அதுதான் அப்பன். உன்னோடதில அழகு கீது, என்னோடதில தெம்பு கீது. ரெண்டும் சேர்ந்தா எப்படி இருக்கும், சொல்லு!"

அந்தப் பூவைப் பார்க்காமலே போய்விட்டார்.

சென்ற வாரம் ஃபிசா பாட்டில்களோடு என் வீட்டுக்கு வந்தாள். "மாமா, பாதி உங்களுக்கு, பாதி எனக்குன்னு அத்தா சொன்னாங்க" என்றாள். வாசலிலேயே நின்று அழுதேன்.

அன்பர்களே, இந்தப் பூ மலர்ந்தால் ஊர் என்ன சொல்லும்? மெஹபூப் அலியின் பூ என்றுதான் சொல்லும். கருணாகரனை யார் நினைப்பார்கள்? எனக்கு வயிறு எரியும். எரியட்டும்! இந்த அவை சாட்சியாகச் சொல்கிறேன்: ஒரு கன்றையும் சாக விடமாட்டேன்.

ஃபிசா, உன் பங்கு முதலில் பூத்தால் மாமாவுக்குத் தூக்கம் வராதம்மா. ஆனாலும் மொட்டு விட்டதும் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஓடி வருவேன்.