நாற்பத்தோரு கண்டெய்னர்

தராசு: ...முப்பத்தெட்டு போயாச்சு மேடம். மூணுதான் பாக்கி. பன்னண்டு அடிச்சா அதையும் விட்டாகணும்னு மேலேருந்து உத்தரவு. இப்ப மணி பதினொண்ணு.

மேடம்: கடிகாரம் எனக்கும் தெரியுது தராசு.

தராசு: எனக்கு தராசுன்னு பேர் வெச்சதே நீங்கதான். எதையும் நிறுத்துப் பாக்காம நம்பமாட்டேன்னு. அதனால கேட்டுடறேன்... கோவிச்சுக்காதீங்க.

மேடம்: கேளுங்க. கோவம் வந்தா அப்புறம் பாத்துக்கலாம்.

தராசு: ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சு. அதுல ஒரே ஒரு கண்டெய்னர் நம்பர். டைல்ஸ்னு எழுதிக் கொடுத்திருக்காங்க, உள்ளே போலி பிரேக் கட்டை இருக்குன்னு. அந்த ஒண்ணைத் திறந்திருந்தா அன்னிக்கே வேலை முடிஞ்சிருக்கும். நீங்க என்னடான்னா துறைமுகத்துல கிடந்த டைல்ஸ் கண்டெய்னர் நாப்பத்தொண்ணையும் நிறுத்திட்டீங்க. ஒன்பது நாளா வியாபாரிங்க நம்ம மேல மண்ணை வாரித் தூத்தறாங்க.

மேடம்: தூத்தட்டும். குளிச்சா போயிடும்.

தராசு: சிரிக்காதீங்க மேடம். சுங்கத்துறை உளவுப் பிரிவுன்னா எலி பிடிக்கிற இடம். எலியைப் பிடிக்க யாராவது வீட்டையே பூட்டுவாங்களா?

மேடம்: சரி, அந்த ஒண்ணைத் திறந்தோம்னே வெச்சுக்குவோம். யார் மாட்டுவா?

தராசு: இறக்குமதி பண்ணவர்.

மேடம்: பேப்பர்ல இருக்கிறது ஒரு தையல்கடைக்காரர் பேர். பினாமி. அவருக்கு கண்டெய்னர் சதுரமா உருண்டையான்னு கூடத் தெரியாது. அப்புறம்?

தராசு: அப்புறம்... சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கப் பேப்பர்ல கையெழுத்துப் போட்ட க்ளியரிங் ஏஜென்ட்.

மேடம்: ம்... சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?

தராசு: அது... உங்க அண்ணன் இல்லையா மேடம்.

மேடம்: ஆமா. கூடப் பொறந்த அண்ணன்.

தராசு: டீம்ல பசங்க ஒரு மாதிரி பேசிக்கறாங்க. அண்ணனைக் காப்பாத்தத்தான் மேடம் நாளைக் கடத்தறாங்கன்னு.

மேடம்: நீங்க என்ன நினைக்கிறீங்க?

தராசு: நான் இன்னும் நிறுத்துப் பாக்கலே.

மேடம்: நல்லது. பன்னண்டு மணி வரைக்கும் தட்டைக் கையிலேயே வெச்சிருங்க. எனக்கு வேண்டியது அந்த முதலாளி. பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் ஆட்டி வைக்கிறவன். ஒரு காகிதத்துல கூட அவன் பேர் கிடையாது. அவன் கையெழுத்து ஒண்ணு... ஒரே ஒண்ணு கிடைச்சாப் போதும்.

தராசு: அவர் எதுக்கு மேடம் இங்கே வரப்போறார்? அவருக்கென்ன பைத்தியமா?

மேடம்: முதல்ல ஆள் அனுப்புவான். யாரை அனுப்புவான்னும் எனக்குத் தெரியும்.

அண்ணன்: உள்ளே வரலாமா பாப்பா?

மேடம்: பாத்தீங்களா... வா அண்ணே.

தராசு: நான் வெளியே இருக்கட்டுமா மேடம்?

மேடம்: உக்காருங்க. அண்ணன் தங்கச்சி பேசறதுக்கு ஒரு சாட்சி வேணும்.

அண்ணன்: அந்த டைல்ஸ் கண்டெய்னர் விஷயமாத்தான் வந்தேன்!

மேடம்: ஏன்ணே கத்தறே? ரூம்ல நாம மூணு பேர்தானே இருக்கோம்?

அண்ணன்: யார்டுல கத்திக் கத்தி... தொண்டை இப்படியே ஆயிடுச்சு.

மேடம்: தண்ணி குடி.

அண்ணன்: வேண்டாம். நீ வீட்டுப் பக்கமே வர்றதில்லையாம், உன் அண்ணிக்கு வருத்தம். நேத்துக்கூட—

மேடம்: அண்ணியை நான் சமாளிச்சுக்கறேன். வந்த விஷயத்துக்கு வா.

அண்ணன்: ஒன்பது நாளா சரக்கு வெயில்ல கிடக்கு பாப்பா.

மேடம்: டைல்ஸ்தானே? வெயில்ல வாடிடுமா?

அண்ணன்: கிண்டல் பண்ணாதே. என் பார்ட்டி நம்பி என்கிட்டே கொடுத்திருக்கார். சொந்தத் தங்கச்சி உக்காந்திருக்கிற ஆபீஸ்ல என் வேலையே நடக்கலேன்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?

மேடம்: நடந்தாத்தான் அந்த நாலு பேரும் நாப்பது பேராகிப் பேசுவாங்க.

அண்ணன்: என்னதான் வேணும்னு சொல்லித் தொலையேன்!

மேடம்: எல்லார்கிட்டேயும் கேட்டதைத்தான் உன்கிட்டேயும் கேக்கறேன். கப்பல்காரன் கொடுத்த அசல் பத்திரம். நகல் வேண்டாம்.

அண்ணன்: அசலைக் கொண்டுவந்து தந்தா விட்டுடுவியா?

மேடம்: நீ கொண்டுவந்தா வாங்க மாட்டேன். ஏஜென்ட் கையால வாங்கறதில்லே. அசல் யார் கையில இருக்கோ சரக்கு அவங்களுது. அவங்களே வரணும். கேட்டுல தராசு மேசை போட்டிருக்கார். பத்திரத்துக்குப் பின்னாடி 'சரக்கு என்னுது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அஞ்சு நிமிஷத்துல வண்டி வெளியே. முப்பத்தெட்டு பேர் இப்படித்தான் எடுத்துட்டுப் போனாங்க. யாரையாவது ஒரு கேள்வி கேட்டீங்களா தராசு?

தராசு: ஒருத்தரைக்கூடக் கேக்கலே மேடம். கையெழுத்து, அடையாள அட்டை, கேட்பாஸ். அவ்வளவுதான்.

அண்ணன்: இறக்குமதி பண்ணவர் ஊர்ல இல்லையே...

மேடம்: அப்போ யார் கையில அசல் இருக்கோ அவர் வரட்டும். பன்னண்டு மணி வரைக்கும்தான். அதுக்கப்புறம் மிச்சமிருக்கிற மூணையும் ஆணி ஆணியாப் பிரிச்சுப் பாப்பேன். அதை மட்டும் உன் பார்ட்டிகிட்ட நல்லாக் காதுல விழற மாதிரி சொல்லிடு அண்ணே.

அண்ணன்: ...விழும். சொல்லிடறேன்.

மேடம்: தராசு, நீங்க கேட்டுக்குப் போங்க. வர்ற வியாபாரிங்ககிட்ட கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க. மாமியாரைப் பாத்த மாதிரி நிக்காதீங்க.

தராசு: என் முகமே அப்படித்தான் மேடம். வர்றேன்.

அண்ணன்: ...போனைக் கட் பண்ணிட்டார்.

மேடம்: தெரியுது. உன் சட்டைப்பையில வெளிச்சம் அணைஞ்சிடுச்சு.

அண்ணன்: போன் ஓடிட்டிருந்ததைப் பாத்துட்டியா?

மேடம்: மார்க் குறைஞ்ச பேப்பரை மறைக்கறப்பவும் இதே பையைத்தான் பொத்திக்கிட்டு நிப்பே. யார் கேட்டுட்டிருந்தா? முதலாளியா?

அண்ணன்: கேட்டுக்கு எதிர்ல, கார்ல இருக்கார். நான் ஒரு வார்த்தை மாத்திப் பேசறேனான்னு பாக்க.

மேடம்: மிரட்டினானா?

அண்ணன்: மிரட்டலே பாப்பா. என் பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்கிறான்னு கேட்டார். சிரிச்சுகிட்டேதான் கேட்டார்.

மேடம்: ...அந்த ஸ்கூல் வாசல்ல காலையிலேர்ந்து நம்ம ஆளுங்க ரெண்டு பேர் நிக்கறாங்க. பயப்படாதே.

அண்ணன்: காலையிலேர்ந்தா? உனக்கு எப்படி...

மேடம்: தண்ணியைக் குடி.

அண்ணன்: அவர் வருவார்னு நினைக்கிறியா?

மேடம்: அசலை அவன் பெத்த அம்மாகிட்டக்கூடக் கொடுக்க மாட்டான். பன்னண்டு அடிச்சா நானே விட்டாகணும்ங்கிறதும் அவனுக்குத் தெரியாது. வேற வழியில்லே. வருவான்.

அண்ணன்: வரலேன்னா?

மேடம்: வரலேன்னா தையல்காரரும் நீயும்தான் உள்ளே போவீங்க.

அண்ணன்: ...மணி பதினொண்ணு நாப்பது.

மேடம்: ம்.

அண்ணன்: உனக்குக் கொஞ்சம்கூடப் படபடப்பு இல்லையா?

மேடம்: மேசைக்குக் கீழே என் காலைப் பாரு. அப்புறம் பேசு.

தராசு: மேடம்! போட்டுட்டார்!

மேடம்: மெதுவா... மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க.

தராசு: அசலைக் கோட்டுக்குள்ளேருந்து எடுத்தார். 'சரக்கு என்னுது'ன்னு தன் கையால எழுதி, பேர் போட்டு, தேதி போட்டு... பேனாகூட அவருதுதான் மேடம்! அவர் முன்னாடியே சீலை உடைச்சோம். முன்னாடி ரெண்டு வரிசை டைல்ஸ். அதுக்குப் பின்னாடி தரையிலேருந்து கூரை வரைக்கும் பிரேக் கட்டை. கையும் களவுமா ஆளைப் பிடிச்சு உக்கார வெச்சாச்சு. போன் இன்னும் கையிலேயே இருந்துச்சு.

மேடம்: அப்பாடா... உக்காருங்க. அந்தத் தண்ணியை எனக்கும் கொஞ்சம் கொடு அண்ணே.

தராசு: இப்பவாவது சொல்லுங்க மேடம். அந்தக் கடுதாசி எழுதினது யாரு?

மேடம்: தகவல் சொன்னவங்க பேரை நான் வெளியே சொல்லக்கூடாது. சட்டம்.

அண்ணன்: நான் சொல்லலாமில்லையா?

மேடம்: அது உன் இஷ்டம்.

அண்ணன்: நான்தான் எழுதினேன் சார். போன மாசம் என் பொண்ணு போற வேன் பிரேக் பிடிக்காம மதில்ல மோதிச்சு. நல்ல வேளை, குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகலே. மெக்கானிக் கழட்டிப் போட்ட கட்டையைக் கையில எடுத்தேன். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை, டைல்ஸ்னு கையெழுத்துப் போட்டு நான் வெளியே எடுத்துவிட்ட சரக்கு. உள்ளே என்னன்னு தெரிஞ்சுதான் போட்டேன். அப்புறம் தூக்கம் வரலே. இடது கையால எழுதி அனுப்பினேன்.

தராசு: இடது கையாலயா... அதான் கோழி கிளறின மாதிரி இருந்துச்சு!

அண்ணன்: ஒன்பது நாளா ஒரு சத்தமும் இல்லே. கடுதாசி உன் கைக்கே வரலையோன்னு நினைச்சேன் பாப்பா.

மேடம்: வந்துச்சு. பிரிச்சவுடனே நீதான்னும் தெரிஞ்சுபோச்சு.

அண்ணன்: எப்படி?

மேடம்: நம்பரோட கடைசி எண்ணைச் சுத்திக் கட்டம் போட்டிருந்தே. கண்டெய்னர் கதவுல பெயின்ட்ல எழுதியிருக்கிற மாதிரியே. மொட்டைக் கடுதாசி போடறவன் எவனும் அதைப் போட மாட்டான். இருபது வருஷம் யார்டுல நின்னு நம்பர் எழுதினவன் இடது கையால எழுதினாலும் கட்டம் போட்டுடுவான். வீட்டுல கேஸ் சிலிண்டர் புக்லகூட நீ போட்டு வெச்சிருக்கே.

தராசு: அப்போ... அந்த நாப்பத்தொண்ணு?

மேடம்: அந்த நம்பர் கண்டெய்னர்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சது முதலாளிக்கும் இவருக்கும்தான். ஒண்ணை மட்டும் நிறுத்தியிருந்தா, சொன்னது யாருன்னு அவன் அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பான். அதான் நாப்பதுக்கு நடுவுல ஒளிச்சு வெச்சேன்.

அண்ணன்: ஊர் சாபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டு... என்னைக் காப்பாத்தவா பாப்பா?

மேடம்: அவன்கிட்டேருந்து மட்டும்தான் அண்ணே, சட்டத்துக்கிட்டேருந்து இல்லே. எழுதினது என் அண்ணன்னும், அதே தையல்காரர் பேர்ல முன்னாடி போன ரெண்டு சரக்குக்கும் கையெழுத்து அவரோடதுதான்னும் கடுதாசி வந்த அன்னிக்கே உறையில போட்டு மேலே கொடுத்துட்டேன். தராசு, பேனாவை எடுங்க. அவரைக் கேள்வி கேக்க வேண்டியது நீங்க. நான் வெளியே போறேன்... அண்ணிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்.