தினம் ஒரு பல் படம்

தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட்டுக்கு மலையிறங்கும் பேருந்தில் என் முன்னிருக்கையில் அக்காளும் தங்கையுமாக இருவர். குளிர்காற்று பல்லில் பட்டால் உயிர் போகிறது என்று தங்கை ஜன்னலை இழுத்து மூடினாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

“பல் டாக்டரு என்னடி சொன்னாரு?”

“கூசுனா நிறுத்திட்டு வந்து காட்டச் சொன்னாருக்கா.”

“அப்புறம் ஏன் நேத்தும் வெள்ளையாக்குற மருந்த அந்த உறையில ஊத்தி, பல்லுல மாட்டிக்கிட்டுப் படுத்த?”

“மாப்பிள்ளையோட அக்கா விட மாட்டேங்குறாங்க. தினமும் பல்லைப் படம் எடுத்து அனுப்பணுமாம். வெள்ளையாகலைன்னா நிச்சயத்தைத் தள்ளிப் போடுவாங்களாம்.”

“அவ என்ன டாக்டரா? மாடு வாங்குறவன்தான் வாயத் தொறந்து பல்லைப் பாப்பான். அவ தம்பி பல்லு சிகரெட்டுக் கறையில கருத்துக் கெடக்கு. அவனுக்கு உறை எங்க லா?”

தங்கை கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“தேயிலைக் காட்டுல பொறந்துட்டு, கறை புடிக்கும்னு இத்தன நாளா வெறும் வெந்நி குடிக்கிற.”

தங்கையின் போன் ஒலித்தது. பார்த்தாள்.

“இன்னிக்குப் படம் எங்கேன்னு கேக்குறாங்க.”

அக்காள் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, அதன் மூடியில் தனக்குத் தேநீர் ஊற்றினாள். தங்கை அதை அவள் கையிலிருந்து வாங்கி, ஆறும்வரை வைத்திருந்தாள். பிறகு போனை நீட்டினாள்.

“படம் எடுக்கா. குடிக்கிறது நல்லாத் தெரியணும்.”